முடியில் கிடைத்த பூஞ்சையும் முடியில் வாழும் பூஞ்சையும்

எலி, முயல், முள்ளெலி, கினிப்பன்றி மாதிரியான சிறு பாலூட்டிகளின் முடியில் கிடைக்கும் பூஞ்சையை எப்படி அடையாளம் காண்பது, எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே பூஞ்சைக்கு மூன்று நூல்களில் மூன்று பெயர் இருப்பதால் குழம்பிப்போனதாகவும் சொல்கிறீர்கள். பெயர்க் குழப்பம் உங்கள் தவறில்லை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதல் கேள்வியில்தான் ஒரு சின்ன இடறல் இருக்கிறது. முடியில் கிடைத்த பூஞ்சை வேறு, முடியில் வாழும் பூஞ்சை வேறு. இந்த இரண்டையும் பிரிக்காமல் பெயர் தேடப் போனால், பெயர் சரியாகக் கிடைத்தும் முடிவு தப்பாகிவிடும்.

ஒரு வயல் எலியின் முதுகைச் சுத்தமான பிரஷ்ஷால் நாலு தடவை வாரி, அந்தப் பிரஷ்ஷை அகார் தட்டில் குத்தி எடுத்துப் பாருங்கள். மூன்று நாளில் தட்டு பச்சையும் கறுப்புமாக நிறைந்துவிடும். பெனிசிலியம், அஸ்பெர்ஜில்லஸ், கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா, மியூக்கர் என்று வரிசையாக வரும். இவற்றுக்கும் எலிக்கும் பெரிய உறவு எதுவும் கிடையாது. மண்ணிலும் வைக்கோலிலும் காற்றிலும் கிடக்கும் வித்துகளை, வளைக்குள் போய் வந்துகொண்டிருக்கும் எலியின் ரோமம் துடைப்பம் மாதிரி கூட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

இவற்றைவிட நெருங்கிய ஒரு கூட்டம் உண்டு. முடி, இறகு, நகம் ஆகியவற்றின் புரதமான கெரட்டினைத் தின்னத் தெரிந்த, ஆனால் மண்ணிலேயே வாழும் பூஞ்சைகள். கிரைசோஸ்போரியம் இனங்கள், ஆர்த்ரோடெர்மா அன்சினேட்டம், நன்னிசியா ஜிப்சியா ஆகியவை இதில் சேரும். உதிர்ந்த முடியும் இறகும்தான் இவற்றின் சாப்பாடு. விலங்கு குடியிருக்கும் வளையில் உதிர்ந்த முடிக்குப் பஞ்சமில்லை என்பதால் அங்கே இவை நன்றாகச் செழிக்கும். உயிருள்ள எலியின் மேல் இவை பெரும்பாலும் சும்மா ஒட்டிக்கொண்டு பயணம் செய்கின்றன. ஜிப்சியா மட்டும் அவ்வப்போது வரம்பு மீறி விலங்குக்கும் மனிதருக்கும் தொற்று உண்டாக்கும்.

மூன்றாவது கூட்டம்தான் நீங்கள் தேடுவது: உயிருள்ள விலங்கின் தோலுக்குள்ளும் முடிக்குள்ளும் இறங்கும் டெர்மடோஃபைட்டுகள், அதாவது படர்தாமரைப் பூஞ்சைகள். மலசீசியா என்ற ஈஸ்ட் வகையும் ரோமப் பரப்பில் கிடைக்கும். ஆனால் அது தோலின் கொழுப்பை நம்பி வாழ்வது. முடியைத் தொடாது.

முடியைத் தின்பது எளிதான வேலை இல்லை. கெரட்டின் புரதத்தைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பூட்டி வைத்திருக்கின்றன. டெர்மடோஃபைட் முதலில் சல்ஃபைட்டை வெளிவிட்டு அந்தப் பூட்டை உடைக்கிறது, அப்புறம்தான் அதன் நொதிகள் புரதத்தை வெட்டுகின்றன. முடிக்குழியின் வாயில் நுழையும் பூஞ்சையிழை முடியோடு சேர்ந்து கீழ்நோக்கி வளர்ந்து, கெரட்டின் உருவாகத் தொடங்கும் எல்லை வரை போய் நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பது உயிருள்ள செல்கள், அங்கே அதற்கு வேலையில்லை. முடி மேல்நோக்கி வளர, பூஞ்சை கீழ்நோக்கி வளர, இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போட்டி போடும். வளர்வதை நிறுத்திய முடியில் இந்த ஆட்டம் நடக்காது. மாதிரி எடுக்கும்போது முடியின் நுனியைக் கத்தரிக்காமல் வேரோடு பிடுங்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

மாதிரி எடுப்பதில் இரண்டு வழி. புண்ணோ சொட்டையோ தெரிந்தால் அதன் விளிம்பில் இருந்து முறிந்த முடிகளையும் செதிலையும் எடுங்கள். நடுப்பகுதியில் பூஞ்சை ஏற்கெனவே வேலையை முடித்திருக்கும். எதுவும் தெரியாவிட்டால் உடல் முழுவதையும் கிருமிநீக்கிய பல்துலக்கும் பிரஷ்ஷால் வாருங்கள். நோய்க்குறி இல்லாமலே பூஞ்சையைச் சுமக்கும் விலங்குகள் நிறைய. கினிப்பன்றியும் முயலும் இதில் பேர்போனவை. எடுத்த முடியைக் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். ஈரம் அடைபட்டால் இரண்டு நாளில் பெனிசிலியம்தான் மிஞ்சும். பொறியில் பிடித்த விலங்கென்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. முந்தைய எலியின் முடி அதே பொறியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பொறியைக் கழுவாமல் திரும்ப வைத்தால், ஒரே ஒரு நோயாளி எலி பத்து எலிகளின் கணக்கில் ஏறிவிடும். கையுறை கட்டாயம். இந்தப் பூஞ்சைகளில் பல மனிதர் மேலும் ஏறக்கூடியவை. எலியிடம் பூஞ்சையைவிட மோசமான கிருமிகளும் இருக்கலாம்.

சரி, முடி கையில் இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் 10 முதல் 20 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் ஒரு சொட்டு, அதில் முடி, மேலே மூடுவில்லை, லேசான சூடு, கொஞ்சம் பொறுமை. பிறகு நுண்ணோக்கி. இந்த இடத்தில் நான் சற்று நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் இங்கேதான் என் மானம் போன கதை இருக்கிறது.

ஆரம்ப காலத்தில் ஓர் எலி முடியைப் பார்த்துவிட்டு, 'உள்ளே வித்துகள் சங்கிலி சங்கிலியாக இருக்கின்றன' என்று ஆர்வத்தோடு எழுதிக் கொடுத்தேன். என் மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பூஞ்சையே தொடாத ஆய்வகச் சுண்டெலி ஒன்றின் முடியை எடுத்து, அதே மாதிரி தகட்டில் வைத்து, 'இதையும் பாருங்கள்' என்றார். அதே சங்கிலி அதிலும் இருந்தது. நான் பார்த்தது முடியின் மையத்தில் இருக்கும் மெடுல்லா. மனித முடியில் மெடுல்லா மெல்லியது, பல முடிகளில் இருக்கவே இருக்காது. எலி, முயல் போன்றவற்றின் முடியில் அது முடியின் அகலத்தில் பெரும்பங்கை அடைத்துக்கொண்டு, காற்று நிரம்பிய அறைகளாக, ஏணிப்படி போல அடுக்கியிருக்கும். மெல்லிய முடியில் ஒரு வரிசை, தடித்த முடியில் பல வரிசை. மனித முடியில் பழகிய கண்ணுக்கு அது அப்படியே வித்து வரிசை மாதிரி தெரியும்.

பிரித்தறிய மூன்று அடையாளங்களைப் பார்ப்பேன். மெடுல்லா முடியின் நீளம் முழுக்க ஒரே சீராகப் போகும். பூஞ்சை சீராக இருக்காது, அடிப்பக்கம் அடர்த்தியாகவும் மேலே போகப்போகக் கலைந்தும் இருக்கும். காற்று அறைகள் கறுப்பாகத் தெரிந்து, காரம் உள்ளே இறங்க இறங்க வெளுத்துப்போகும், வித்துகள் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது முடியின் ஓரக்கோடு. சிறு பாலூட்டிகளில் நமக்கு வேண்டிய பூஞ்சைகளில் பெரும்பாலானவை வித்துகளை முடிக்கு வெளியே உறை போலப் போர்த்துபவை. அப்போது ஓரக்கோடு நேராக இல்லாமல் மணல் அப்பியது போல் தெரியும். டிரைக்கோஃபைட்டான் மென்டாக்ரோஃபைட்டீஸ் என்றால் வித்துகள் சுமார் 3 முதல் 5 மைக்ரான், சங்கிலியாகக் கோத்திருக்கும். மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்றால் 2 முதல் 3 மைக்ரான், ஒழுங்கில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். வசதி இருந்தால் கால்கோஃப்ளூர் சாயம் போட்டு ஒளிர்வு நுண்ணோக்கியில் பாருங்கள். பூஞ்சையின் சுவரில் உள்ள கைட்டின் பளிச்சென்று ஒளிரும், மெடுல்லா அப்படி ஒளிராது. பஞ்சு நூலும் அதே சாயத்தில் ஒளிரும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வுட்ஸ் விளக்கைப் பற்றியும் பலர் கேட்பார்கள். புற ஊதாக் கதிரில் பச்சையாக ஒளிர்வது முக்கியமாக மைக்ரோஸ்போரம் கேனிஸ் பிடித்த முடி. மென்டாக்ரோஃபைட்டீஸ் ஒளிராது. சிறு பாலூட்டிகளிடம் அதிகம் கிடைப்பது இந்த இரண்டாவதுதான் என்பதால், விளக்கில் எதுவும் தெரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது வளர்ப்பு. சாபுரோ அகாரில் இரண்டு தட்டுகள் போடுவது என் வழக்கம். ஒன்றில் குளோராம்ஃபெனிகாலும் சைக்ளோஹெக்சிமைடும் சேர்த்தது, இன்னொன்றில் குளோராம்ஃபெனிகால் மட்டும். குளோராம்ஃபெனிகால் பாக்டீரியாவை அடக்கும். சைக்ளோஹெக்சிமைடு, சும்மா ஒட்டிக்கொண்டு வந்த வழிப்போக்கப் பூஞ்சைகளில் பெரும்பாலானவற்றை அடக்கிவிடும், டெர்மடோஃபைட்டுகள் அதைத் தாங்கும். கிரைசோஸ்போரியம் இனங்கள் பலவும் தாங்கும் என்பதால், அதில் வளர்ந்ததெல்லாம் நோய்ப்பூஞ்சை என்று எண்ணிவிடக் கூடாது. 25 முதல் 28 டிகிரி, நான்கு வாரம். ஒரு வாரத்தில் தட்டைத் தூக்கி எறிபவர்கள் நிறையப் பேர், அவசரம் வேண்டாம். நிறம் மாறும் ஊடகம் வைத்திருந்தால் தினமும் பாருங்கள். டெர்மடோஃபைட் முதலில் புரதத்தைத் தின்பதால் காலனி தலைகாட்டும்போதே ஊடகம் சிவக்கும். மற்ற பூஞ்சைகள் சர்க்கரையைத் தீர்த்துவிட்டுத்தான் புரதத்துக்கு வரும் என்பதால் காலனி பெரிதான பிறகு சிவக்கும். இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே சிவப்பு.

மண்ணில் வாழும் கெரட்டின் பூஞ்சைகளையும் சேர்த்துப் படிக்க விரும்பினால் முடித்தூண்டில் முறை இருக்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த வான்பிரூசெகம் 1952-இல் கொண்டுவந்தது. வளையின் மண்ணைத் தட்டில் பரப்பி, ஈரமாக்கி, கிருமிநீக்கிய முடியை மேலே தூவி வைப்பது, அவ்வளவுதான். சில வாரங்களில் முடியின் மேல் வெள்ளைப் படலம் ஏறும். எளிமையில் இதை அடித்துக்கொள்ள வேறு முறை இல்லை. விலங்கின் முடியில் கிடைத்த பூஞ்சை அதன் வளை மண்ணிலும் தூண்டிலில் மாட்டினால், அது மண்ணில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

காலனி வந்ததும் லாக்டோஃபீனால் காட்டன் புளூ சாயத்தில் வித்துகளைப் பாருங்கள். பெரிய கொனிடியா, அதாவது பாலினமில்லா வித்துகள், கதிர்க்கோல் வடிவில், சுரசுரப்பான தடித்த சுவரோடு, ஆறுக்கு மேல் அறைகளோடு இருந்தால் மைக்ரோஸ்போரம் கேனிஸ் பக்கம். சுவர் மெலிந்து ஆறு அறைக்குள் அடங்கினால் நன்னிசியா ஜிப்சியா. வழவழப்பான சுருட்டு வடிவம், கூடவே திராட்சைக் குலை போல உருண்டைச் சிறு கொனிடியா, சுருள் கம்பி போன்ற இழைகள் என்றால் மென்டாக்ரோஃபைட்டீஸ் குடும்பம். சொல்லும்போது சுலபம். பெரிய கொனிடியாவே போடாமல் சண்டித்தனம் செய்யும் வளர்ப்புகள்தான் கையில் அதிகம் மாட்டும். அப்போது யூரியாவைச் சிதைக்கிறதா என்று பார்க்கும் யூரியேஸ் சோதனையும், முடி துளைக்கும் சோதனையும், 37 டிகிரியில் வளர்கிறதா என்று பார்ப்பதும் கைகொடுக்கும்.

உண்மையில் எனக்கு இவற்றையெல்லாம்விட அதிகம் உதவுவது 'எந்த விலங்கு?' என்ற கேள்விதான். முள்ளெலியா? தட்டின் அடிப்பக்கம் எலுமிச்சை மஞ்சளாக இருந்து யூரியேஸ் எதிர்மறை என்றால் டிரைக்கோஃபைட்டான் எரினேசியை. 1963-இல் நியூசிலாந்து முள்ளெலிகளை வைத்து மென்டாக்ரோஃபைட்டீஸின் ஒரு வகையாக விவரிக்கப்பட்டது, இன்று தனி இனம். அந்த விலங்கின் முகத்திலும் காதிலும் பொருக்குத் தட்டியிருக்கும், பல சமயம் உண்ணிப் பூச்சியும் கூடவே இருக்கும். சுண்டெலியின் காதோரம் மஞ்சள் கலந்த கிண்ணம் போன்ற பொருக்கு இருக்கிறதா? டிரைக்கோஃபைட்டான் குவின்கியானமாக இருக்கலாம். எலி பிடிக்கும் பூனை வழியாக மனிதர் வரை வரும். கினிப்பன்றி என்றால் மென்டாக்ரோஃபைட்டீஸ், டிரைக்கோஃபைட்டான் பென்ஹாமியே இரண்டையும் நினைவில் வையுங்கள். வீட்டில் வளர்க்கும் கினிப்பன்றியிடம் இருந்து குழந்தைகளுக்குப் படர்தாமரை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இவைதான்.

வோல் எனப்படும் குட்டைவால் எலிகளிடம் கிடைக்கும் நன்னிசியா பெர்சிகலர் எனக்கு மிகவும் பிடித்த பூஞ்சை. பிரெஞ்சுத் தோல் மருத்துவர் சாபுரோ 1910-இல் பெயர் வைத்தது, பெர்சிகலர் என்றால் பீச் பழ நிறம். பார்வைக்கு மென்டாக்ரோஃபைட்டீஸ் போலவே இருந்து ஆளை ஏமாற்றும். சர்க்கரை இல்லாத ஊடகத்தில் வளர்த்தால் இளஞ்சிவப்பு ஏறும், 37 டிகிரியில் சுணங்கிவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சோதனைக் குழாயில் முடியைத் துளைக்கும் இந்தப் பூஞ்சை, உயிருள்ள விலங்கில் முடிக்குள் போகாது, தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும். ஆகவே பிடுங்கிய முடியில் மட்டும் தேடினால் கைக்கு வராது. செதிலையும் சேர்த்து எடுக்க வேண்டும். வோல் வளைக்குள் மூக்கை நுழைக்கும் நாய்களுக்கு முகத்தில் இது வரும்.

வௌவால் பக்கம் போனால் கதையே வேறு. வட அமெரிக்காவில் 2006-இல் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் முதலில் பதிவான வெண்மூக்கு நோயின் பூஞ்சை டெர்மடோஃபைட்டே இல்லை. சூடோஜிம்னோயாஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ் என்ற குளிர்விரும்பிப் பூஞ்சை அது, சுமார் 20 டிகிரிக்கு மேல் வளரவே வளராது. வழக்கமான 28 டிகிரியில் தட்டை வைத்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று எழுதினால் தப்பு நம்முடையது. குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவாலின் மேல் வெண்படலம் கண்டால் அது இந்தப் பூஞ்சைதான் என்றும் சொல்லிவிட முடியாது. 2015-இல் விவரிக்கப்பட்ட டிரைக்கோஃபைட்டான் ரெடெல்லியை என்ற டெர்மடோஃபைட்டும் அங்கே அதே மாதிரி வெள்ளையாகப் படர்கிறது.

இனி பெயர்க் குழப்பம். சாபுரோ 1910-இல் நோயின் தோற்றத்தையும் சேர்த்துக்கொண்டு நான்கு பேரினங்களாகப் பிரித்தார்: அக்கோரியான், எபிடெர்மோஃபைட்டான், மைக்ரோஸ்போரம், டிரைக்கோஃபைட்டான். 1934-இல் அமெரிக்கப் பூஞ்சையியலாளர் எம்மன்ஸ் கொனிடியாவின் வடிவத்தை மட்டும் அளவுகோலாக வைத்து, அக்கோரியானை எடுத்துவிட்டு மூன்றாக்கினார். பழைய நூல்களில் எலிப் பூஞ்சை 'அக்கோரியான் குவின்கியானம்' என்று இருப்பது இதனால்தான். இதற்கிடையில் 1927-இல் இத்தாலியர் நன்னிசி, முடியிட்ட மண்ணில் ஜிப்சியா பூஞ்சை பாலினக் கனியுறுப்புகளை உண்டாக்குவதாக எழுதினார். வளர்ப்பில் வேறு பூஞ்சை கலந்திருக்கும் என்று சொல்லி யாரும் அதை ஏற்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1960-61 வாக்கில் கிரிஃபின், ஸ்டாக்டேல் என்ற ஆய்வாளர்கள் அவர் கண்டது சரி என்று காட்டினார்கள். நன்னிசியா என்ற பேரினப் பெயர் அவர் நினைவாக வைத்தது.

அதிலிருந்து புதிய சிக்கல் தொடங்கியது. பாலினமில்லா நிலைக்கு ஒரு பெயர், பாலின நிலைக்கு இன்னொரு பெயர். ஒரே உயிர் டிரைக்கோஃபைட்டான் என்றும் ஆர்த்ரோடெர்மா என்றும் இரண்டு பெயரில் நடமாடியது. 2011-இல் மெல்போர்னில் பெயரிடல் விதிகளைத் திருத்தி, ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்று 2013 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த விதிப்படியும் டிஎன்ஏ வரிசைப்படியும் இந்தக் குடும்பத்தை 2017-இல் டி ஹோக் குழுவினர் அடுக்கி வைத்தார்கள். அதில் டிரைக்கோஃபைட்டானில் 16 இனங்கள், நன்னிசியாவில் 9, மைக்ரோஸ்போரத்தில் வெறும் 3, ஆர்த்ரோடெர்மாவில் 21. குவார்ரோமைசஸ், பாராஃபைட்டான் என்று இரண்டு புதிய பேரினங்களும் பிறந்தன. பழைய நூலில் 'மைக்ரோஸ்போரம் ஜிப்சியம்' என்று இருந்தது நன்னிசியா ஜிப்சியா ஆனது இப்படித்தான்.

மென்டாக்ரோஃபைட்டீஸ் என்ற பெயரைத்தான் இதில் அதிகம் பந்தாடியிருக்கிறார்கள். 1999-க்கு முன் அது ஒரு பெரிய கோணிப்பை. முள்ளெலிப் பூஞ்சை, சுண்டெலிப் பூஞ்சை, மனிதர் கால்விரலிடுக்குப் பூஞ்சை எல்லாம் அதற்குள். 1999-க்குப் பிறகு வந்த டிஎன்ஏ வகைப்பாட்டில், அந்தப் பெயர் சுண்டெலிப் பொருக்குப் பூஞ்சைக்கு மட்டும் என்று சுருங்கியது. முயலிடமும் கினிப்பன்றியிடமும் கிடைப்பது 'இன்டர்டிஜிட்டேல்' என்று ஆனது. 2017-இல் திரும்பவும் மாற்றம். சுண்டெலிப் பூஞ்சைக்கு குவின்கியானம் என்ற பழைய பெயர் திரும்ப வந்தது, விலங்குகளிடம் கிடைக்கும் கூட்டம் மென்டாக்ரோஃபைட்டீஸ் ஆனது, இன்டர்டிஜிட்டேல் மனிதரோடு ஒதுங்கியது. ஆகவே 1985, 2008, 2020 ஆண்டுகளின் மூன்று நூல்களில் ஒரே பெயரைப் பார்த்தால், அவை மூன்று வேறு பொருளைச் சொல்கின்றன. நூல் அச்சான ஆண்டைப் பார்க்காமல் இந்தப் பெயரைப் படிக்கவே படிக்காதீர்கள். பென்ஹாமியேயும் 2020-இல் உடைந்தது. யூரோப்பியம், ஜப்பானிகம், ஆஃப்ரிகானம் என்று மூன்று இனங்கள் அதில் இருந்து பிரிந்தன. கினிப்பன்றிகளிடம் ஐரோப்பாவில் பரவிய மஞ்சள் நிற வகைக்கு லூட்டியம் என்று வகைப் பெயர் வந்தது.

'டிஎன்ஏ பார்த்தால் தீர்ந்ததே' என்று தோன்றும். டிஎன்ஏவில் ஐடிஎஸ் என்ற பகுதியைப் பெருக்கிப் படிப்பதுதான் இன்றைய வழக்கம், பேரினம் வரை அது கண்டிப்பாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இனம் என்று வரும்போது சில இடங்களில் நூல் இழை அளவு வித்தியாசம்தான். குதிரைப் பூஞ்சை ஈக்வினத்துக்கும் மனிதரின் தலைப்பூஞ்சை டான்சுரன்ஸுக்கும் இந்தப் பகுதியில் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. மென்டாக்ரோஃபைட்டீஸும் இன்டர்டிஜிட்டேலும்கூட அப்படிச் சில எழுத்துகளில்தான் பிரிகின்றன. பொதுத் தரவுத்தளத்தில் உங்கள் வரிசையோடு நூற்றுக்கு நூறு பொருந்தும் பதிவு மேலே சொன்ன பழைய பெயர்களில் எதிலும் இருக்கலாம், அதை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். முதலில் வரும் பொருத்தத்தை அப்படியே நகலெடுக்காமல், அந்த இனத்துக்குப் பெயர் வைக்க அடிப்படையாக இருந்த மூலமாதிரியின் வரிசையோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குறிப்பேட்டில் வெறும் பெயரை மட்டும் எழுதாதீர்கள். என்ன விலங்கு, உடலில் எந்த இடம், புண் இருந்ததா, காரத்தில் முடியின் மேல் வித்து கண்ணால் தெரிந்ததா அல்லது தட்டில் மட்டும் வளர்ந்ததா, எத்தனை காலனி, எந்த ஆண்டு வகைப்பாட்டின்படி இந்தப் பெயர் என்று ஒரு வரியில் எழுதுங்கள். 'சுண்டெலி, இடது காது, புண் இல்லை, காரத்தில் எதிர்மறை, பிரஷ் தட்டில் ஒரே காலனி, மென்டாக்ரோஃபைட்டீஸ், 2017 பொருளில்' என்று இருந்தால், நாளைக்குப் பெயர் மறுபடி மாறினாலும் அடுத்து வருபவர் அதைத் திருத்திக்கொள்ளலாம். காலனியில் ஒரு துண்டைக் கிருமிநீக்கிய நீரில் போட்டு மூடி வைத்துவிடுங்கள். அதைத் திரும்ப வளர்த்துப் பார்க்க வேண்டிய நாள் வரும்.